முழுநேரப் பரபரப்பு என்னும் மாயை: லீன், அஜைல் குறித்த பொதுக்கருத்துக்கு ஒரு மறுப்பு

லீன், அஜைல் என்னும் இரு பெயர்களும் இன்று வாகனத் தொழிற்சாலை முதல் மென்பொருள் நிறுவனம் வரை, வங்கி முதல் மருத்துவமனை வரை புழங்குகின்றன. மேலாண்மைப் பயிற்சி வகுப்புகளும் ஆலோசகர்களும் இவற்றுக்குத் தரும் விளக்கங்களைத் தொகுத்துப் பார்த்தால் மூன்று கூற்றுகள் மிஞ்சும். ஊழியர் வேலையின்றி இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் வீண் என்பதால், எல்லாரையும் முழு நேரமும் வேலையில் பூட்டி வைப்பதே லீன் என்பது முதலாவது. வேலையைச் சிறு கூறுகளாகப் பிரித்து, இரு வாரத்துக்கு ஒருமுறை அளந்து, அந்த அளவு ஏறிக்கொண்டே போகுமாறு பார்த்துக்கொள்வதே அஜைல் என்பது இரண்டாவது. இவ்வளவு செய்தும் பலன் கிட்டாவிட்டால் குறை ஊழியர்களின் மனப்பான்மையிலும் பண்பாட்டிலும்தான் என்பது மூன்றாவது. இம்மூன்றும் பிழை என்பதே இக்கட்டுரையின் துணிபு. இம்முறைகள் தோன்றிய வரலாறும், வரிசைகளைப் பற்றிய கணிதமும், இவற்றை உண்மையாகக் கைக்கொண்ட இடங்களின் அனுபவமும் காட்டுவது வேறு: கையில் எடுக்கும் வேலைக்கு வரம்பு கட்டுவதும், குறை கண்ட இடத்தில் வேலையை நிறுத்தும் அதிகாரத்தை அதைச் செய்பவரிடமே கொடுப்பதும் இவற்றின் இரு தூண்கள். அவ்விரண்டும் இல்லாத இடத்தில் எஞ்சுவது பெயர் மட்டுமே.

பொதுக்கருத்து எங்கிருந்து வலிமை பெறுகிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஊழியரின் சம்பளம் மாதந்தோறும் கணக்கேட்டில் செலவாக ஏறுகிறது. அவர் சும்மா இருந்தால் மேற்பார்வையாளரின் கண்ணிலும் படுகிறது. பாதி எழுதப்பட்டுச் சோதனைக்காகக் காத்திருக்கும் மென்பொருளோ, ஒப்புதலுக்காக ஒருவரது மின்னஞ்சலில் வாரக்கணக்கில் கிடக்கும் வடிவமைப்போ எந்தக் கணக்கேட்டிலும் பதிவாவதில்லை. தொழிற்சாலையில் தேங்கும் சரக்கு இடத்தை அடைக்கும், துருப்பிடிக்கும், நடப்பவரின் காலில் இடறும். வடிவமைப்பு அலுவலகத்தில் தேங்கும் வேலையோ கணினிக்குள் ஒளிந்துகொள்ளும். ஆகவே தெரியும் செலவை ஒடுக்கித் தெரியாத செலவைப் பெருக்கும் போக்கு மேலாளர்களின் தீய எண்ணத்தால் நேர்வதன்று; கணக்கு வைக்கும் முறையே அவர்களை அங்கே கொண்டுசேர்க்கிறது. கருத்து பரவியதற்கு இது காரணமாகலாமே ஒழிய, அது சரி என்பதற்குச் சான்றாகாது.

வேலையற்ற கை வீண் என்னும் முதற்கூற்று, லீன் முறைக்கு மூலமான டொயோட்டா உற்பத்தி முறையின் வரலாற்றோடு பொருந்தவில்லை. லீன் என்ற பெயர் 1988இல் ஜான் கிராஃப்சிக் எழுதிய கட்டுரையில் தோன்றி, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் வாகன ஆய்வுத் திட்டத்திலிருந்து 1990இல் வெளிவந்த நூலின் வழியே உலகெங்கும் பரவியது. முறையோ அதற்குப் பல பத்தாண்டுகள் முந்தியது. டொயோட்டா நிறுவனரின் தந்தையான சகிச்சி டொயோடா 1924இல் நிறைவுசெய்த தானியங்கித் தறியில் நூல் அறுந்தால் தறி தானே நின்றுவிடும். அறுந்த நூலோடு துணி ஓடிவிடுமோ என்று ஒவ்வொரு தறியின் அருகிலும் ஓர் ஆள் காவல் நிற்க வேண்டிய தேவை அதனால் ஒழிந்தது. ஒரே நெசவாளி பல தறிகளைக் கவனிக்க முடிந்தது. இதில் ஆள் குறைந்ததை மட்டும் சுட்டிக்காட்டி, லீன் என்றாலே ஆட்குறைப்பு என்று வாதிடுவோர் காரணத்தை விட்டுவிட்டு விளைவைப் பிடித்துக்கொள்கிறார்கள். நிற்க வேண்டிய கணத்தில் தறி நின்றதால்தான் அந்த உற்பத்தித்திறன் கிடைத்தது; நிற்காமல் ஓடும் தறிகள் அதற்கு முன்பே ஏராளமாக இருந்தன.

டொயோடா குடும்பத்தின் நெசவு நிறுவனத்திலிருந்து 1943இல் வாகன நிறுவனத்துக்கு வந்த தாய்ச்சி ஓனோ, இந்தத் தறியின் கருத்தை வாகன உற்பத்திக்குக் கொண்டுவந்தார். 1949, 1950 ஆண்டுகளில் ஜப்பானின் பணச்சுருக்கக் கொள்கையால் விற்பனை முடங்கி, டொயோட்டா திவாலின் விளிம்புக்கே சென்றது. ஆட்குறைப்பும் வேலைநிறுத்தமும் தொடர, நிறுவனர் கிச்சிரோ டொயோடா பதவி விலகினார். விற்காத பொருளைச் சுறுசுறுப்பாகச் செய்து குவிப்பது நிறுவனத்தையே விழுங்கிவிடும் என்பது அன்று கண்கூடாயிற்று. ஓனோ வகுத்த ஏழு வகை வீணடிப்புகள் தேவைக்கு மிஞ்சிய உற்பத்தி, காத்திருப்பு, வீண் போக்குவரத்து, மிகைவேலை, தேங்கிய சரக்கு, வீண் அசைவு, குறையுள்ள பொருள் என்பன. இவற்றுள் முதலாவதையே மற்றவற்றைப் பெறும் தாயாக அவர் கருதினார். தேவையற்றதைச் செய்துகொண்டிருப்பது, எதுவும் செய்யாமல் நிற்பதைவிடப் பெரிய வீண் என்பதே இதன் பொருள். கன்பன் என்னும் அட்டைமுறை இந்தக் கொள்கையின் செயல்வடிவம். அடுத்த கட்டத்தில் ஒரு பெட்டி உதிரிப்பாகம் பயன்படுத்தப்பட்டதும் அதிலிருந்த அட்டை முந்தைய கட்டத்துக்குத் திரும்புகிறது. அட்டை வந்தால்தான் அங்கே அடுத்த பெட்டி செய்யப்படும். அட்டை வரவில்லையேல், ஆளும் இயந்திரமும் வெறுமனே இருந்தாலும் உற்பத்தி இல்லை. எல்லாரையும் முழுநேரமும் வேலையில் பூட்டி வைப்பதே லீன் என்றால், லீன் முறையின் மையக் கருவியே அதற்கு எதிராக வேலை செய்கிறது என்று ஒப்புக்கொள்ள நேரும்.

பொருள் வடிவமைப்பில் இந்தப் பிழை இன்னும் கூடுதலான விலை கேட்கிறது. தொழிற்சாலையில் ஒரே வேலை ஒரே கால அளவில் மீண்டும் மீண்டும் நடக்கிறது. வடிவமைப்பிலோ எந்த வேலை எப்போது வரும், வந்தது எவ்வளவு நாள் பிடிக்கும் என்பது முன்கூட்டித் தெரிவதில்லை. இவ்வாறு ஒழுங்கற்று வரும் வேலைகளை ஒருவர் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும்போது ஏற்படும் காத்திருப்பை வரிசைக் கோட்பாடு என்னும் கணிதப் பிரிவு கணக்கிட்டிருக்கிறது. வேலைகள் தற்செயலாக வந்து, அவை பிடிக்கும் காலமும் தற்செயலாக மாறி, ஒவ்வொன்றும் சராசரியாக ஒரு நாள் பிடிப்பதாகக் கொண்டால், செய்பவர் தம் நேரத்தில் 50 சதவீதம் வேலையில் இருக்கும்போது புதிய வேலை தொடங்கப்படுவதற்கு முன் சராசரியாக 1 நாள் காத்திருக்கும். அவர் 80 சதவீதம் வேலையில் இருந்தால் காத்திருப்பு 4 நாள். 90 சதவீதமானால் 9 நாள். 95 சதவீதமானால் 19 நாள். பயன்பாடு 100 சதவீதத்தை நெருங்க நெருங்கக் காத்திருப்பு எல்லையின்றி வளர்கிறது. மேலாளர் 90 சதவீதத்துக்கு மேல் ஊழியரின் இன்னும் ஐந்து சதவீத நேரத்தைப் பிடுங்கும்போது, வாடிக்கையாளரின் காத்திருப்பு இரட்டிப்புக்கும் மேலாகிறது. ஒரே மருத்துவர் உள்ள சிறு மருத்துவமனையின் முகப்பில் மாலை நேரத்தில் உட்கார்ந்தவருக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

இதற்குத் துணையாக நிற்பது, ஜான் லிட்டில் 1961இல் நிறுவிக்காட்டிய விதி. ஓர் அமைப்பில் கையிலிருக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கையை, அது ஒரு வாரத்தில் முடிக்கும் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை உள்ளே வந்து வெளியேறச் சராசரியாக எத்தனை வாரம் ஆகும் என்பது கிடைக்கும். வாரம் 5 வேலை முடிக்கும் குழு 40 வேலைகளைத் தொடங்கி வைத்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் 8 வாரமாகும்; 10 மட்டும் வைத்திருந்தால் 2 வாரமே. எவரும் விரைவாகத் தட்டச்சு செய்யவில்லை, எவரும் இரவில் தங்கவில்லை. தொடங்காமல் விட்டதே விரைவைத் தந்தது.

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் உள்பயன்பாட்டு மென்பொருள்களைப் பராமரித்த ஒரு சிறு குழுவில் 2004, 2005 ஆண்டுகளில் நடந்ததை டேவிட் ஆண்டர்சன் பதிவுசெய்திருக்கிறார். ஹைதராபாதில் இயங்கிய அந்த ஒப்பந்தக் குழுவில் நிரல் எழுதுவோரும் சோதிப்போருமாகச் சிலரே இருந்தனர்; மென்பொருள் செயல்முறைக்கான சான்றிதழில் அது மிக உயர்ந்த 5ஆம் நிலையையும் எட்டியிருந்தது. ஆயினும் ஒரு கோரிக்கை நிறைவேற ஏறத்தாழ 5 மாதம் ஆயிற்று. வரிசை நீண்டுகொண்டே போயிற்று. காரணம் தேடியபோது கிடைத்த விடை சோம்பல் அன்று. வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் 48 மணி நேரத்துக்குள் மதிப்பீடு தருவதாகக் குழு வாக்களித்திருந்தது; அதற்காகக் கையிலிருந்த வேலையைப் பாதியில் வைத்துவிட்டு நிரலாளரும் சோதனையாளரும் மதிப்பிடப் போக வேண்டியிருந்தது; குழுவின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கேனும் இதிலேயே கரைந்தது; மதிப்பிடப்பட்டவற்றில் பலவும் செய்யப்படாமலே போயின. எல்லாரும் முழுநேரமும் மும்முரமாக இருந்தார்கள், வேலைதான் முடியவில்லை. மதிப்பீடு நிறுத்தப்பட்டது, ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் நிற்கக்கூடிய வேலைகளுக்கு வரம்பு விதிக்கப்பட்டது, இடம் காலியாகும்போது மட்டும், எதை உள்ளே விடுவதென்று கோரிக்கையாளர்களே தேர்ந்தெடுத்தனர். ஒன்பது மாதத்தில் 5 மாதக் காத்திருப்பு 14 நாளாகச் சுருங்கியது. முதற்கூற்றின்படி பார்த்தால் அக்குழு மாற்றத்துக்கு முன்பே சிறந்த லீன் குழுவாக இருந்திருக்க வேண்டும்.

இரண்டாம் கூற்றுக்கு வருவோம். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள ஸ்னோபேர்டு என்னுமிடத்தில் கூடிய 17 மென்பொருள் வல்லுநர்கள் அஜைல் அறிக்கையை வெளியிட்டனர். அதன் நான்கு விழுமியங்களிலும் பன்னிரண்டு கொள்கைகளிலும் ஊழியரின் வேகத்தை அளந்து ஆண்டுதோறும் உயர்த்த வேண்டும் என்று ஓரிடத்திலும் இல்லை. மாறாக, எவ்வளவு காலமும் தளராமல் தொடரக்கூடிய சீரான நடையையும், செய்யத் தேவையில்லாத வேலையைச் செய்யாமல் விடும் கலையையும் அது வெளிப்படையாகவே கொள்கைகளாக வைக்கிறது. அடிக்கடி பொருளைக் கையளிக்கச் சொல்வதன் நோக்கமும் ஊழியரை விரட்டுவதன்று; தவறான பொருளைச் செய்துகொண்டிருக்கிறோம் என்பதை இரண்டு ஆண்டுக்குப் பதில் இரண்டு வாரத்தில் அறிந்து, நிறுத்தித் திரும்புவதற்காகவே அந்தக் குறுகிய இடைவெளி.

நடைமுறையில் என்ன நேர்கிறது என்பதை ஒரு ஸ்பிரிண்டின் அளவில் பார்த்தாலே போதும். ஸ்பிரிண்ட் என்பது பெரும்பாலும் இரு வார அளவிலான வேலைத் தவணை. ஸ்டோரி பாயிண்ட் என்பது ஒரு வேலை மற்றொன்றோடு ஒப்பிட எவ்வளவு கடினம் என்று குழு தனக்குள் இட்டுக்கொள்ளும் எண். ஒரு தவணையில் முடிந்த பாயிண்ட்களின் கூட்டுத்தொகை வெலாசிட்டி. அடுத்த தவணைக்கு எவ்வளவு வேலை எடுக்கலாம் என்று குழு முடிவுசெய்வதற்காக ஏற்பட்ட இந்த எண், மேலாளரின் மாதாந்தர அறிக்கைக்குள் ஏறியவுடன் இலக்காக மாறிவிடுகிறது. வெலாசிட்டி 30இலிருந்து 40 ஆக வேண்டும் என்று கட்டளை வந்தால், குழுவுக்கு மிக எளிய வழி நேற்று 3 என்று மதிப்பிட்டதை இன்று 5 என்று மதிப்பிடுவதே. அடுத்த எளிய வழி, வெள்ளிக்கிழமை மாலை சோதனையை அரைகுறையாக முடித்து வேலை தீர்ந்ததென்று குறித்துவிட்டு, வெளிப்படும் பிழைகளை அடுத்த தவணையில் புதிய வேலையாக எண்ணி அதற்கும் பாயிண்ட் பெறுவது. எண் ஏறுகிறது, வரைபடம் அழகாகிறது, பயனாளருக்குப் போய்ச் சேரும் பொருள் மாறுவதில்லை. ஒருவருக்கொருவர் தடைகளைச் சொல்லி உதவி பெறுவதற்கான பதினைந்து நிமிட ஸ்டாண்ட்-அப் கூட்டமோ, நேற்று என்ன செய்தாய் என்று மேலாளர் வருகைப்பதிவு எடுக்கும் சடங்காகிறது. ஸ்னோபேர்டில் கையெழுத்திட்டவர்களுள் ஒருவரான ரான் ஜெஃப்ரீஸ், ஸ்டோரி பாயிண்ட் தம் கண்டுபிடிப்பாக இருக்கலாம் என்றும், அப்படியானால் அதற்காக வருந்துவதாகவும் பின்னாளில் எழுதினார்.

விரைவே நோக்கமென்றால் டொயோட்டாவின் வடிவமைப்பு முறையும் புரியாத புதிராகிவிடும். 1993இல் தொடங்கி 1997 டிசம்பரில் விற்பனைக்கு வந்த பிரியஸ் காருக்காக, தலைமைப் பொறியாளர் தக்கேஷி உச்சியமடாவின் குழு கலப்பு இயந்திர அமைப்புகள் ஏறத்தாழ 80ஐ ஆராய்ந்து, படிப்படியாகக் கழித்து, இறுதியில் ஒன்றைத் தேர்ந்தது. முதல் வாரத்திலேயே ஒன்றைத் தீர்மானித்து எல்லாரையும் அதில் இறக்குவதுதான் கணக்கேட்டுக்கு இனிக்கும். கழிக்கப்பட்டவற்றில் செலவழிந்த உழைப்பு அதன் பார்வையில் முழு வீண். ஆனால் தவறான அமைப்பைத் தேர்ந்து அச்சுகளும் இயந்திரங்களும் வாங்கிய பிறகு திரும்பி வருவதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால், தாளிலும் மாதிரியிலும் கழித்துக்கட்டுவது மலிவு. முடிவைத் தாமதித்து அறிவைச் சேர்த்ததே மொத்தக் காலத்தைக் குறைத்தது.

மூன்றாம் கூற்று, தோல்வியின் பழியை ஊழியர்மேல் ஏற்றுவதால் மற்ற இரண்டையும்விடத் தீங்கானது. கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரிலிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை, ஊழியர் வராமையும் ஓயாத தகராறும் மோசமான தரமுமாக இருந்து 1982இல் மூடப்பட்டது. 1984இல் டொயோட்டாவுடன் கூட்டு நிறுவனமாக, நம்மி என்ற பெயரில் அது மீண்டும் திறக்கப்பட்டபோது அதே தொழிற்சங்கம் இருந்தது. வேலைக்கு எடுக்கப்பட்டவர்களுள் பெரும்பாலோர் அங்கே முன்பு வேலை பார்த்தவர்களே. வாகன ஆய்வுத் திட்டம் 1980களின் நடுவில் செய்த ஒப்பீட்டில், ஒரு காரைப் பூட்டி முடிக்க, பழைய முறையிலேயே இயங்கிய ஜெனரல் மோட்டார்ஸின் ஃப்ராமிங்ஹாம் ஆலைக்கு 31 மணி நேரமும், நம்மிக்கு 19 மணி நேரமும், ஜப்பானில் டொயோட்டாவின் தக்காவோகா ஆலைக்கு 16 மணி நேரமும் ஆயிற்று. நம்மியின் பிழை அளவு ஃப்ராமிங்ஹாமில் கண்டதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. மனிதர்கள் மாறவில்லை, நாடு மாறவில்லை. மாறியது அவர்கள் தலைக்குமேல் தொங்கிய ஆண்டன் கயிறு. குறை கண்ட எந்தத் தொழிலாளியும் இழுத்து உதவி கேட்கவும், தீராவிட்டால் வரிசையையே நிறுத்தவும் பயன்படுவது அது. கூடவே, கடும் நெருக்கடி தவிர வேறெதற்கும் ஆட்குறைப்பு இல்லை என்னும் உறுதி ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டது. 1980களின் பிற்பகுதியில் விற்பனை குறைந்தபோது உபரித் தொழிலாளர்கள் பயிற்சிக்கும் மேம்பாட்டுப் பணிக்கும் அனுப்பப்பட்டார்களே தவிர வீட்டுக்கு அனுப்பப்படவில்லை. தான் கண்டுபிடித்த சிக்கனம் தன் வேலைக்கே உலையாகும் என்று அஞ்சும் தொழிலாளி எந்தச் சிக்கனத்தையும் வெளியே சொல்லமாட்டார்; அந்த அச்சத்தைப் பண்பாட்டுக் குறை என்பது காரணத்தையும் விளைவையும் தலைகீழாக்குவது.

ஜெனரல் மோட்டார்ஸ் தன் மற்ற ஆலைகளிலும் இம்முறையைப் பின்பற்ற முயன்று நெடுங்காலம் தடுமாறியது. கயிற்றை வாங்கிக் கட்ட முடிந்தது. ஓடும் வரிசையின் எண்ணிக்கையை வைத்தே மதிப்பிடப்பட்ட மேலாளர்களால் அதை இழுப்பதைப் பொறுக்க முடியவில்லை. ஜப்பானியப் பண்பாடு இல்லாமல் இது நடவாது என்னும் வாதத்துக்குச் சென்னையிலும் மறுப்பு உண்டு: பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு 1998இல், தரத்துக்காக ஜப்பான் வழங்கும் டெமிங் பரிசைப் பெற்று, அதைப் பெற்ற முதல் இந்திய நிறுவனமாயிற்று.

இந்த மறுப்புக்கு எதிராக எழக்கூடிய வலுவான வாதம் ஒன்று உண்டு. அதை மறைப்பது முறையன்று. நம்மியை ஆராய்ந்த பால் ஆட்லர், பழைய ஆலையில் ஒரு நிமிடத்தில் 45 விநாடி வேலை செய்த தொழிலாளி புதிய ஆலையில் 57 விநாடி வேலை செய்ததாக எழுதினார். மைக் பார்க்கரும் ஜேன் ஸ்லாட்டரும் இதை நெருக்கடியால் நடத்தும் நிர்வாகம் என்றே சாடினர். அதற்கு முன்பே, 1972இல் டொயோட்டாவில் பருவகாலத் தொழிலாளியாகச் சேர்ந்த சத்தோஷி கமத்தா அங்கே கண்ட களைப்பையும் விபத்தையும் நூலாக எழுதினார். ஸ்க்ரம் என்னும் அஜைல் முறைக்குக் கருவான 1986ஆம் ஆண்டுக் கட்டுரையில் தக்கேயுச்சியும் நொனாக்காவும், தாம் பாராட்டிய குழுக்கள் சில சமயம் மாதம் 100 மணி நேரம் மிகைநேரம் உழைத்ததைத் தாமே குறையாகக் குறிப்பிட்டனர். இவை யாவும் உண்மை. ஆனால் இவை பொதுக்கருத்தை நிறுவவில்லை. 57 விநாடி, அதாவது 95 சதவீதப் பயன்பாடு, கால அளவு மாறாத ஒரே வேலைக்குரியது. வேலையின் அளவே முன்கூட்டித் தெரியாத வடிவமைப்புக்கு அதைப் பொருத்தினால் மேலே கண்ட 19 நாள் வரிசையே மிஞ்சும். நம்மியில் அந்த விநாடிகளை அளந்து வேலைமுறையை எழுதியவர்கள் தொழிலாளர்களே. தாங்காதபோது நிறுத்தும் கயிறும் அவர்கள் கையிலேயே இருந்தது. கமத்தா கண்ட பருவகாலத் தொழிலாளிக்கோ வேலை உறுதியும் இல்லை, சொல்லும் செல்லவில்லை. உரிமை இல்லாத இடத்தில் இம்முறை வெறும் உழைப்புச் சுரண்டலாகிவிடும் என்பதே விமரிசகர்களின் சான்று காட்டுவது; அது இக்கட்டுரையின் துணிபுக்குத் துணையே.

கையிருப்பே இல்லாமல் ஓட்டுவதுதான் லீன் என்போருக்கும் டொயோட்டாவின் அனுபவமே விடை. 1997 பிப்ரவரியில், டொயோட்டாவுக்குப் பிரேக் வால்வு செய்துவந்த ஐசின் ஆலை தீப்பிடித்தபோது ஜப்பானில் டொயோட்டாவின் உற்பத்தி ஏறத்தாழ முழுவதும் நின்றது. 2011இல் ஜப்பானைத் தாக்கிய நிலநடுக்கத்துக்குப் பிறகு, கிடைக்க நாளாகும் பாகங்களை அடையாளங்கண்டு, சிப்புகளை மாதக்கணக்கில் இருப்பு வைக்குமாறு அந்நிறுவனமே வழங்குநர்களிடம் ஏற்பாடு செய்தது. 2021இல் உலகெங்கும் சிப் தட்டுப்பாடு வந்தபோது தொடக்க மாதங்களில் பிற நிறுவனங்களைவிடத் தாக்குப்பிடித்தது. இருப்பைக் குறைப்பது குறைகளை வெளிக்கொணர்வதற்கு. நிலநடுக்கத்தை எவராலும் சீர்செய்ய முடியாது என்பதால் அதற்கெதிராக இருப்பு வைப்பதும் அதே அறிவின் பகுதி.

ஆகவே ஒரு நிறுவனம் தன்னை லீன் என்றோ அஜைல் என்றோ அழைத்துக்கொண்டால், சுவரில் ஒட்டிய வண்ணத் தாள்களையும் சான்றிதழ்களையும் பார்க்க வேண்டியதில்லை. இரண்டு கேள்விகள் போதும். புதிய வேலை வரும்போது, கையிலிருப்பது முடியும்வரை அதை ஏற்கமாட்டோம் என்று குழு சொல்ல முடியுமா, சொன்னால் அது செல்லுமா? பொருளில் குறை கண்ட இளநிலை ஊழியர் வெளியீட்டை நிறுத்தினால், அடுத்த சம்பள உயர்வில் அதற்குத் தண்டனை இல்லாமல் இருக்குமா? இரண்டுக்கும் ஆம் என்று விடை வருமானால், கூட்டங்களின் பெயரும் அட்டைகளின் நிறமும் எப்படியிருந்தாலும் கேடில்லை. இல்லை என்று வருமானால், அங்கே நடப்பது பழைய வேலை நெருக்கடிதான். அதன் தோல்விக்கு இம்முறைகளும் பொறுப்பாகா, அங்கே உழைப்பவர்களும் பொறுப்பாகார்.